பழைய புத்தகம் சேர்ப்போருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மப்பாவின் அலுமாரியில் 1930களில் அச்சான சில தமிழ்ப் புத்தகங்கள் கிடைத்தன. அதிலிருந்து பழைய நூல்கள் சேர்க்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது? நிறையப் பணம் வேண்டுமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: பணத்துக்கு முன் ஓர் எல்லை வேண்டும். "பழையது எல்லாம்" என்று தொடங்குகிறவரின் வீட்டில் ஒரு வருடத்தில் புத்தகக் குவியல்தான் இருக்கும், தொகுப்பு இருக்காது. ஒரு பொருளையோ, ஓர் ஊரையோ, ஒரு காலத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். கொழும்பில் அச்சான தமிழ் நூல்கள், முஸ்லிம் தமிழ்ப் பதிப்புகள், தோட்டத் தொழிலாளருக்காக வந்த பிரசுரங்கள், பள்ளிப் பாடநூல்கள், கோயில் பதிகச் சிறுநூல்கள், சிறுசஞ்சிகைகள் என்று எதுவாகவும் இருக்கலாம். சஞ்சிகை பிடித்தவர்களுக்கு 1930இல் சுன்னாகத்தில் தொடங்கிய 'ஈழகேசரி', 1946இல் வந்த 'மறுமலர்ச்சி', 1966இல் தொடங்கிய 'மல்லிகை' ஆகிய மூன்றுமே ஓர் ஆயுளுக்குப் போதும்.

நூறு வருடம் கடந்ததைத்தான் தொன்மையான நூல் என்பது வழக்கம். ஆனால் தொடக்கத்தில் 1930க்கும் 1970க்கும் இடைப்பட்ட இலங்கைப் பதிப்புகளை வாங்குமாறு சொல்வோம். விலை தாங்கும், தவறு செய்தாலும் பெரிய நட்டமில்லை, கண்ணும் கையும் பழகும். மாதம் 3,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், பத்துக் கிழிந்த புத்தகங்களுக்குப் பதிலாக முழுமையான ஒன்றை வாங்குங்கள்.

இன்னொன்று. 32 பக்கத்துச் சிறுபிரசுரங்களைத் தள்ளிவிடாதீர்கள். கெட்டி மட்டை போட்ட பெருநூல்களை நூலகங்கள் காப்பாற்றின. திருவிழாவுக்கு அச்சடித்த பதிகத்தையும், சங்கத்து ஆண்டறிக்கையையும், கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவு மலரையும் யாரும் காப்பாற்றவில்லை. இன்று அரிதாகிப்போனவை அவைதான்.

கேள்வி: கையில் உள்ள புத்தகத்தின் முகப்பில் "நந்தன வருஷம் ஆனி மாதம்" என்று மட்டும் இருக்கிறது. ஆங்கில ஆண்டு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். சுற்றின் முதலாண்டான பிரபவ 1867இலும் 1927இலும் 1987இலும் பிறந்தது. அங்கிருந்து எண்ணினால் நந்தன 26ஆவது. ஆகவே உங்கள் புத்தகம் 1832, 1892, 1952 ஆகிய மூன்றில் ஒன்று. ஆண்டு சித்திரையில் பிறப்பதால் மாதத்தையும் பாருங்கள். ஆனி என்றால் அதே ஆண்டின் ஜூன்–ஜூலை. மாசியோ பங்குனியோ என்று இருந்தால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குள் போய்விடும்.

மூன்றில் எது என்பதை விலையே பெரும்பாலும் சொல்லிவிடும். இலங்கையில் ரூபா–சதக் கணக்கு 1872இல் வந்தது. சதத்தில் விலை போட்ட இலங்கை நூல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்தியப் பதிப்பில் அணா இருந்தால் பொதுவாக 1957க்கு முன், "ந.பை." (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். அச்சகமும் பேசும். இந்தியாவில் சுதேசிகளின் அச்சகங்கள் பெருகியது 1835இல் அச்சுச் சட்டம் தளர்ந்த பிறகுதான். ஆகவே சென்னையில் ஒரு தமிழரின் சொந்த அச்சகத்தில் வந்த நூலுக்கு 1832 என்று சொல்லுமுன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று முகவரி இருந்தால் அநேகமாக 1972க்கு முந்தியது.

'ணை', 'லை', 'னை' ஆகியவற்றின் துதிக்கை போட்ட பழைய வடிவத்தைக் கண்டதும் நூறு வருடப் புத்தகம் என்று பலர் மயங்குகிறார்கள். அந்தச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது 1978இல்தான். இலங்கை அச்சில் பழைய வடிவங்கள் அதற்குப் பிறகும் நீடித்தன. எழுத்து வடிவத்தை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள்.

வேறு ஆண்டுக் கணக்குகளுக்கும் வழி இருக்கிறது. கலியப்தம் என்றால் 3101ஐக் கழியுங்கள்: கலி 4990 என்பது 1889. சாலிவாகன சகாப்தம் என்றால் 78ஐக் கூட்டுங்கள். இரண்டிலும் ஓர் ஆண்டு முன்பின் இருக்கலாம். ஹிஜ்ரி என்றால் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள்: ஹிஜ்ரி 1303 என்பது 1885–86. திருவள்ளுவர் ஆண்டுக்கு 31ஐக் கழித்தால் போதும்.

கேள்வி: கொழும்பில் எங்கே தேடலாம்? கடையில் நின்று எதைப் பார்க்க வேண்டும்? விற்பவர் அவசரப்படுத்துகிறாரே.
— வாசகர், மட்டக்குளி

பதில்: மருதானைப் பக்கம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில், பழைய ஆட்கள் மக்கலம் றோட் என்று சொல்லும் தெருவில், பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சிங்களமும் ஆங்கிலமுமே முன்னால் தெரியும். தமிழ்ப் புத்தகம் மூலையில் கட்டாகக் கிடக்கலாம். "பரண தெமள பொத்" (சிங்களத்தில் 'பழைய தமிழ்ப் புத்தகங்கள்') என்று கேளுங்கள். கட்டை அவிழ்த்துப் பார்க்க விட்டால் பாதி வேலை முடிந்தது. காலையில் போங்கள், அந்திவெளிச்சத்தில் கடதாசியின் நிறமும் பூஞ்சணமும் தெரியாது. கடைகளை விட வீடு மாறுகிறவர்களிடமிருந்தும் வெளிநாடு போகிறவர்களிடமிருந்தும்தான் நல்லவை வருகின்றன. சேர்க்கிறீர்கள் என்பதைப் பழைய பேப்பர்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

பையில் ஒரு சிறிய டோர்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, அடிமட்டம், பென்சில் நான்கும் இருக்கட்டும். பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் முகப்புப் பக்கம் இருக்கிறதா? அது இல்லாத புத்தகத்தின் விலை பாதிக்கும் கீழே போக வேண்டும். அடுத்து கடைசிப் பக்கம். நூல் "முற்றிற்று" என்று முடிகிறதா, நடுவாக்கியத்தில் நிற்கிறதா? பிறகு பிழைதிருத்தப் பத்திரம். பழைய பதிப்புகளில் இது தனித்தாளாக இருக்கும். ஆகவே முதலில் உதிர்வதும் இதுதான்.

நடுவில் தாள் போயிருக்கிறதா என்று 300 பக்கத்தையும் எண்ணத் தேவையில்லை. அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு பாரமாக அடித்து மடிப்பார்கள். ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். 1, 17, 33, 49, 65 என்று அந்தப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போங்கள். 2, 3, 4, 5 என்று எண் ஒழுங்காக வர வேண்டும். சில நூல்களில் பாரம் 8 பக்கம். அப்போது 1, 9, 17, 25. எண் எங்காவது தாண்டினால் அந்த இடத்தை மட்டும் தாள் தாளாகப் பாருங்கள். பாயிரமும் சாற்றுகவிகளும் (நூலைப் புகழ்ந்து பிறர் பாடியவை) தனி எண்ணில் ஓடும். அவற்றை வேறாக எண்ண வேண்டும். பழகிய பிறகு இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் தராத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

தாளின் உறுதியைப் பார்க்க மூலையை மடித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மரக்கூழில் செய்த தாளில் உள்ள அமிலம் அதை உள்ளிருந்தே தின்கிறது. மடித்த மூலை அப்படியே ஒடிந்து கையோடு வரும். பக்கத்தை மெல்லத் திருப்பும்போது எழும் சலசலப்பிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி, 1862ஆம் ஆண்டுப் பதிப்பு என்று ஒருவர் நல்ல விலை சொல்கிறார். உண்மைதானா என்று எப்படி அறிவது?
— வாசகர், வத்தளை

பதில்: யாழ்ப்பாணத்து உடுவிலில் பல வருடம் இருந்த அமெரிக்க மிஷனரி மிரன் வின்ஸ்லோவின் அகராதி 1862இல் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. ஆனால் அதைப் படம்பிடித்து அச்சிட்ட மறுபதிப்புகள் இருபதாம் நூற்றாண்டில் வந்திருக்கின்றன. அவற்றில் பழைய முகப்பும் 1862 என்ற ஆண்டும் அப்படியே இருக்கும். மறுபதிப்புச் செய்தவரின் பெயர் உள்ள தாள் கிழிந்துபோனால், அல்லது கிழிக்கப்பட்டால், கண்ணுக்கு மூலம் போலவே தோன்றும்.

ஒரு பக்கத்தைத் தூக்கி, டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், தாளோடு தாளாகப் பிடியுங்கள். ஈய எழுத்தை அழுத்தி அச்சடித்த தாளின் மறுபுறத்தில் எழுத்துகளின் மேடு புள்ளிபுள்ளியாக நிழல் தரும். விரல் நுனியிலும் தட்டுப்படும். படம்பிடித்து ஒப்செட்டில் அடித்த தாள் வழுவழுப்பாகக் கிடக்கும். அடுத்து பூதக்கண்ணாடியை ஓர் எழுத்தின் மேல் வையுங்கள். ஈய எழுத்தில் மை விளிம்புக்கு ஒதுங்கி, கரையில் கடும் கறுப்பாக இருக்கும். படம்பிடித்ததில் கறுப்பு ஒரே சீர்.

மறுபதிப்பைக் காட்டிக்கொடுப்பது கறைதான். மூலப் பிரதியில் யாரோ ஒரு வாசகர் பென்சிலால் இழுத்த கோடு, பூச்சி துளைத்த ஓட்டை, தண்ணீர்க் கறையின் விளிம்பு எல்லாம் மறுபதிப்பில் அதே அச்சு மையில் விழுந்திருக்கும். உண்மையான ஓட்டை அடுத்த தாளிலும் தொடரும். அச்சான ஓட்டையில் விரலை வைத்தால் தாள் இருக்கும்.

மறுபதிப்பு ஒன்றும் கெட்ட பொருளல்ல. தினமும் புரட்ட அதுதான் நல்லது. மறுபதிப்பின் விலைக்கு வாங்குங்கள்.

ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள், சைவவினாவிடை பற்றியும் இதையொட்டி ஒரு சொல். அவை அவர் காலத்திலும் பிறகும் திரும்பத் திரும்ப அச்சானவை. நாவலர் பெயரைப் பார்த்து 1850களின் விலை கொடுக்காமல், எத்தனையாம் பதிப்பு, எந்த அச்சகம் என்பதைப் பாருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு றங்குப்பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றில் ஓட்டைகள், சிலவற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வெயிலில் போடலாமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: வெயிலில் போட வேண்டாம். தாள் பழுப்பேறி நொறுங்கும், மட்டை வளையும். மற்றப் புத்தகங்கள் இருக்கும் அறைக்கும் கொண்டுபோகாதீர்கள். புதிதாக வந்த எதையும் இரண்டு வாரமாவது தனியே வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் அறிய வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் நிமிர்த்தி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் மாவு போன்ற பொடி புதிதாக உதிர்ந்திருந்தால் இராமபாணப் பூச்சி உள்ளே வேலை செய்கிறது. பொடி இல்லாவிட்டால் ஓட்டைகள் பழையவையாக இருக்கலாம். இன்னும் இரண்டு இரவு பாருங்கள்.

உயிருள்ள பூச்சிக்கு மருந்தை விட குளிர் நல்லது. புத்தகத்தை வெறும் கடதாசியில் சுற்றி, தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக்கி ஒட்டுங்கள். வீட்டு உறைபெட்டி மறை 18 பாகை செல்சியஸ் வரை போகும். அதில் முழுதாக இரண்டு வாரம் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கொழும்புக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் பனியாகப் படியும். பூச்சி போய்ப் பூஞ்சணம் வரும். ஓலைச்சுவடி, பழைய புகைப்படம், தோல் மட்டை மூன்றையும் இப்படிக் குளிரில் வைக்காதீர்கள்.

வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணம். குளிர் அதைக் கொல்லாது. உலர்ந்த, காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு மூன்று நாள் விரித்து வைத்து, பூப்பு பொடியாக உலர்ந்த பின், வீட்டுக்கு வெளியே, மூக்கில் முகக்கவசம் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் நூலின் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தட்டி எடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் கை வைக்கவே வேண்டாம்.

இனி வைக்கும் இடம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வரும். கொழும்பில் அது வருடத்தில் பெரும்பகுதி அதற்கு மேல்தான். தெஹிவளையில் கடலோரம் என்றால் சொல்லவே வேண்டாம். ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஐந்து சென்றிமீற்றராவது தள்ளி நிறுத்துங்கள். அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்க வேண்டாம். இடையில் காற்றுப் போகட்டும். மிக அரிய சிலவற்றை மூடி இறுகும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். நிறம் மாறியதும் அதை 'அவன்' அடுப்பில் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மறந்துபோய் விட்டால் பயன் இல்லை. பூச்சி உருண்டையை நம்பாதீர்கள். அதன் ஆவி உங்கள் மூச்சுக்கும் கேடு. வேப்பிலையைத் தாள்களுக்கிடையில் வைத்தால் இலையின் வடிவத்திலேயே கறை விழும்.

கேள்வி: கிழிந்த பக்கத்தை செலோடேப்பால் ஒட்டலாமா? லமினேட் செய்தால் நிலைக்குமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகி, பிறகு மண்ணிறமாகித் தாளுக்குள் ஊறும். டேப் உதிர்ந்துவிடும், கறை நிற்கும். லமினேட் செய்ததை எவராலும் திரும்ப எடுக்க முடியாது. கிழிந்த துண்டைப் பக்கத்தோடு சேர்த்து வெறும் தாளுறையில் போட்டு அதே இடத்தில் வையுங்கள். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பானியத் தாளும், கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசையும். நீர் காட்டினால் கழன்று வரும் பசை அது. முதலில் பயனில்லாத பழைய புத்தகத்தில் பத்துத் தடவை பழகுங்கள்.

கேள்வி: மட்டை கழன்ற புத்தகங்களைப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதாக ஒரு பைண்டர் சொல்கிறார். கொடுக்கட்டுமா?
— வாசகி, தெமட்டகொட

பதில்: பாடப்புத்தகம் கட்டுகிறவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் ஓரத்தைச் சமப்படுத்த மூன்று பக்கமும் வெட்டுவார். ஓரக்குறிப்புகளும் சில நேரம் அச்சு வரியும் போய்விடும். பிறகு பக்கவாட்டில் துளை போட்டுத் தைப்பார். நொறுங்கும் தாள் அந்தத் தையலோடு சேர்த்து மடியும்போது ஒரே கோட்டில் ஒடிந்து, தாள் தாளாகக் கையில் வரும். பழைய மட்டையைக் குப்பையில் போடுவார். விலை அச்சிட்டிருந்ததும், விற்ற கடையின் முத்திரை இருந்ததும் அந்த மட்டையில்தான்.

புத்தகத்தை இருந்தபடியே விடுங்கள். கழன்ற மட்டையைச் சேர்த்து வைத்து, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். இறப்பர் பட்டி போடாதீர்கள். உருகித் தாளோடு ஒட்டும். துருப்பிடித்த கம்பி ஊசிகளை மட்டும் கழற்றலாம். இழுக்காமல், நடுமடிப்புப் பக்கம் உள்ள கால்களை நிமிர்த்தி, பின்புறத்திலிருந்து மெல்ல எடுங்கள்.

கேள்வி: வாங்கிய புத்தகம் ஒன்றில் நூலக முத்திரை இருக்கிறது. பிரச்சினையா?
— வாசகர், கொழும்பு 6

பதில்: கழித்த புத்தகம் என்று நூலகம் போட்ட முத்திரையோ கையொப்பமோ கூட இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்; அவர்களுடையது என்றால் கொடுத்துவிடுங்கள். 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் சாம்பலாயின. அதன் பிறகு நம்மிடம் நூலகப் பிரதி ஒன்று வழிதவறி வந்தால், அதைச் சொந்தமாக்கிக்கொள்ள மனம் வரக் கூடாது.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்குச் சில பழைய நூல்களும் ஒரு ஓலைச்சுவடியும் அனுப்ப வேண்டும். தடை உண்டா?
— வாசகி, கொழும்பு 13

பதில்: ஓலைச்சுவடியைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டத்தின்படி, கலாசாரச் சொத்து எதையும் நாட்டை விட்டு அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். கொழும்பு 7இல் சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் உள்ள தொல்பொருளியல் திணைக்களத்தில், படங்களும் அளவும் கொண்டுபோய்க் கேளுங்கள். நூறு வருடம் கடந்த அச்சு நூல்களையும் அதே வேளையில் காட்டிவிடுவது நல்லது. சென்னையில் வாங்கிக் கொண்டுவருகிறவர்களும் கவனிக்க: இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம், மற்றப் பழம்பொருள்களுக்கு 100 வருடம் என்று எல்லை வைத்திருக்கிறது. தம்பிக்குப் படிக்கத்தான் வேண்டுமென்றால் ஓலையைப் படமெடுத்து அனுப்புங்கள். மூலம் இங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: முகப்பு இல்லாத ஒரு நூல் இருக்கிறது. இணையத்திலும் காணோம். அரியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: நூலின் பெயர் பக்கத் தலைப்பில் ஓடும், அதிலிருந்து தொடங்குங்கள். முதற் செய்யுளின் முதலடி, மொத்தப் பக்கம், அச்சுப் பகுதியின் உயரமும் அகலமும் சென்றிமீற்றரில் என்று குறித்துக்கொண்டு, 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பின் இணைய நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஒப்பிடுங்கள். பழைய பட்டியல்களில் 1865இல் வந்த ஜோன் மேர்டொக்கின் அச்சு நூற் பட்டியலும், பார்னெற்றும் போப்பும் 1909இல் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற் பட்டியலும் இன்றும் கை கொடுக்கும். இலங்கையில் 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் அச்சான நூல்களுக்கு அரசுப் பதிவு இருந்தது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் நூதனசாலை நூலகத்திலும் விசாரிக்கலாம். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடைதூரம்தான்.

எங்கும் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரே பிரதியாக இருக்கக்கூடும். அதைப் படமெடுத்துவிடுங்கள். கண்ணாடி ஸ்கானரில் கவிழ்த்து அழுத்தக் கூடாது; முதுகு முறியும். இரு புறமும் புத்தகங்களை முட்டுக்கொடுத்து, 90 பாகைக்கு மேல் விரியாமல் வைத்து, சன்னல் நிழல் வெளிச்சத்தில், ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் முழுவதும், பிறகு இரட்டைப்படைப் பக்கங்களை எடுங்கள். ஒரு படத்தில் அடிமட்டமும் தெரியட்டும். நூலக நிறுவனத்தாரிடம் கொடுத்தால் எண்ணிமமாக்கிப் பொதுவில் வைப்பார்கள். புத்தகம் உங்களிடமே இருக்கும். உங்கள் பதிவுக் கொப்பியில் வாங்கிய நாள், இடம், விலை, இல்லாத பக்கங்கள், முன்னைய சொந்தக்காரரின் கையொப்பம் ஆகியவற்றை எழுதி, புத்தகத்தின் பின்மட்டை உட்புறத்தில் பதிவு எண்ணை மட்டும் 2பி பென்சிலால் குறியுங்கள். குமிழ்முனைப் பேனா வேண்டாம்.